சலங்கைப் பெட்டியில் ஒரு விலாசம்

ஐரோப்பாவில் எவரோ ஒரு மேசையைச் சுற்றி இருந்து சட்டம் எழுதினால், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மனுசிக்கு நெஞ்சு படபடக்கும். சிரிக்காதேயுங்கோ. சனிக்கிழமை காலமை சுசிலாவுக்கு நடந்தது அதுதான்.

போன கிழமை இந்த வீட்டாரை நாங்கள் விட்டுவிட்டு வந்தபோது, தவராசா தன் மகள் தாரகாவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "ஆளை நான் பாக்கிறன் பிள்ளை. நீ மிச்ச வேலையைப் பார்" என்றார். இன்றைக்குத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்காக, என்ன ஆள், எதற்கு ஆள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தவராசாவும் சுசிலாவும் நடத்துவது பரதநாட்டிய நகைக் கடை. நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சலங்கை, நடனப் பட்டு எல்லாம் உண்டு. கடைக்கு நேரில் வருகிறவர்கள் குறைவு. ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து, டென்மார்க் என்று போகிற பார்சல்களில்தான் பிழைப்பு. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் சனி ஞாயிறில் நடனம் பழகுகிறார்கள், தாய்மார் லண்டன் வெப்சைட்டில் ஓடர் கொடுக்கிறார்கள். அதற்குள் வந்தது புதுச் சட்டம். வெளியிலிருந்து இணையத்தில் விற்கிற சாமானுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே இருக்கிற ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். அவருடைய பெயரும் விலாசமும் வெப்சைட்டிலும் இருக்க வேண்டும், பெட்டியிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்க ஏலாது.

தாரகா பாவம். ஒவ்வொரு ஜிமிக்கியையும் புதிதாகப் படம் பிடித்து, சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை எழுதி, இதிலே என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று சென்னையில் நகை செய்கிறவரை விசாரித்தாள். "முதல் தரமான உலோகம் மேடம்" என்று பதில் வந்தது. கூடவே இரண்டு கைகூப்பிய படம். அந்தப் பதிலை எந்தச் சட்டத்துக்குள் திணிப்பது என்று தெரியாமல் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

பொறுப்பு நிற்பதையே தொழிலாகச் செய்கிற கொம்பனிகள் இருக்கின்றன. தாரகா ஒன்றைத் தேடியும் வைத்திருந்தாள். தவராசா கேட்டாரா? "எனக்கு ஜேர்மனியில கூடப்பிறந்த சகோதரம் இருக்கேக்க, ஆரோ தெரியாதவனுக்குக் காசு குடுத்துப் பேர் வாங்கிறதோ? கோதாரி விழுந்த சட்டம்" என்றார்.

தனியே தவராசாவைத் திட்ட எனக்கு மனமில்லை. எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. பாங்கில் பிணை நிற்க வேண்டுமா, தம்பியின் பெயர். கலியாண மண்டபம் பிடிக்க வேண்டுமா, மச்சானின் பெயர். கேட்கிறதில்லை. கேட்டால் "என்ன பிறத்தியார் மாதிரிக் கேக்கிறியள்" என்று கோபிப்பார்களாம். கேட்காமல் போட்டால்தான் உரிமையாம். எங்கே படித்தார்களோ தெரியாது.

சனிக்கிழமைக்கு வருவோம்.

சுசிலா ஒரு கிழமையாக இடுப்பு நோவில் வீட்டில் படுத்திருந்தாள். அன்றுதான் கடைக்கு வந்தாள். பின்னறையில் சலங்கைப் பெட்டிகள் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் புது ஸ்ரிக்கர். எழுத்து பொடி எழுத்து. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

பெயர், நகுலேஸ்வரி. கீழே தெரு, வீட்டு இலக்கம், பிறேமன், ஜேர்மனி.

"தாரகா! இஞ்ச வா!"

"என்னம்மா? இடுப்பு பிடிச்சிட்டுதோ?"

"இது ஆற்ற பேர்?"

"நகுலா மாமியின்ர. அப்பா தந்தவர். பொறுப்பு நிக்கிறதுக்கு எண்டு."

"அவளைக் கேட்டதோ?"

"நான் அப்பாவிட்டை ரெண்டு தரம் கேட்டனான். இது சும்மா பேர் இல்லையப்பா, ஏதும் பிரச்சினை எண்டா ஜேர்மன்காரர் மாமியைத்தான் பிடிப்பாங்கள் எண்டும் சொன்னனான். ஓம் ஓம், எல்லாம் கதைச்சாச்சு எண்டவர்."

சுசிலா பெட்டி ஒன்றின் மேலேயே இருந்துவிட்டாள். உள்ளே சலங்கை குலுங்கியது.

"எப்ப தொடக்கம் இது வெளியில கிடக்கு?"

"போன சனி வெப்சைட்டில ஏத்தினனான். திங்கள் தொடக்கம் பெட்டியளும் போகுது. ஏனம்மா, என்ன?"

"வூப்பெற்றாலுக்குப் போனதோ?"

"போனது. ஆரணி ரீச்சரின்ர டான்ஸ் வகுப்புக்கு ஒரு பெரிய ஓடர்."

"என்ர அம்மாளாச்சி!" என்று சுசிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நகுலேஸ்வரி தவராசாவின் ஒரே தங்கை. அதே ஜேர்மனியில், வூப்பெற்றாலில் றமணன் என்பவரைக் கட்டி வாழ்ந்தவள். இரண்டு வருசத்துக்கு முன் மகள் கோசிகாவையும் கூட்டிக்கொண்டு பிறேமனுக்கு வந்துவிட்டாள். பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது, மாமிக்கு அங்கே நல்ல வேலை கிடைத்தது என்று. தவராசாவுக்குச் சொல்லப்பட்டது, புருசன் பெண்சாதிக்குள் ஏதோ மனத்தாங்கல், கொஞ்சக் காலம் தனியே இருக்கப் போகிறாள் என்று. உண்மை தெரிந்தது சுசிலாவுக்கு மட்டும்தான்.

அதை அவள் இப்போது மகளுக்குச் சொன்னாள்.

"அவர் அடிக்கிறவர். கலியாணம் கட்டின காலம் தொடக்கம். கடைசியில கையை முறிச்சுப்போட்டார். பொம்பிளையளை ஒளிச்சு வைச்சுப் பாக்கிற ஒரு இடத்திலயிருந்துதான் எனக்குப் போன் எடுத்தவள். பிறகு அங்கத்தைய நகரசபை அவளின்ர புது விலாசத்தைப் பூட்டி வைச்சது. ஆர் போய்க் கேட்டாலும் குடுக்கக் கூடாது எண்டு. விளங்குதோ? ஆர் கேட்டாலும்."

தாரகாவின் முகம் வெளிறிப் போனது. "இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கு என்னத்துக்கு இந்தக் கதையெல்லாம் எண்டு..."

"எனக்கு இருபத்தேழு வயசம்மா! தெரிஞ்சிருந்தா நான் போட்டிருப்பனோ? என்ர கையாலதானே ஏத்தினனான்!"

"கத்தாதை. முதல்ல அதை எடு."

தாரகா கொம்பியூட்டரில் பாய்ந்தாள். அவளுடைய விரல்கள் தட்டிய வேகத்தில் இரண்டு தரம் பிழையான பக்கம் திறந்தது. நகைகளின் பக்கங்களை ஒட்டுமொத்தமாக மூடினாள். ஐரோப்பாவுக்கான விற்பனை முழுக்க நின்றது. மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. அதைப் பற்றி ஒரு சொல்லும் அவள் கதைக்கவில்லை. பிறகு இணையத்தில் மாமியின் முழுப் பெயரை அடித்துத் தேடிப் பார்த்தாள்.

முதலாவதாக வந்தது அவர்கள் கடைச் சலங்கைதான். பக்கத்தை மூடிய பிறகும், தேடுகிற இடத்தில் பெயரும் தெருவும் அப்படியே தெரிந்தன.

"அம்மா, இது உடன போகாது. எடுக்கச் சொல்லி எழுதுறன், ஆனா கொஞ்ச நாள் செல்லும்."

"போன பெட்டியள்?"

"போனது போனதுதானம்மா."

சுசிலா நகுலாவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தாள். எடுக்கவில்லை. "உடன எனக்கு அடி" என்று மெசேஜ் போட்டாள். இரண்டு பேரும் பெட்டிகளில் இருந்த ஸ்ரிக்கர்களை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்கள். பாழாய்ப் போன பசை, பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. அது அவசரம் இல்லாத வேலை என்று இருவருக்கும் தெரியும். சும்மா இருக்க ஏலவில்லை, அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு ஏன் சொல்லேல்லை?" என்று தாரகா கேட்டாள்.

"அவள் என்னைச் சத்தியம் பண்ண வைச்சவள். அண்ணைக்குத் தெரிஞ்சா ஒண்டில் போய் அடிபடுவார், இல்லாட்டி சேர்த்து வைக்க நிப்பார் எண்டவள். ரெண்டுமே வேண்டாம் மச்சாள் எண்டு அழுதவள்."

தவராசா மத்தியானம்போல் வந்தார். செவன் கிங்ஸில் ஒரு அரங்கேற்றத்துக்கு நகை கொடுத்துவிட்டு, வழியில் ஒரு பை நிறைய இறைச்சி ரோல்ஸும் வாங்கிக்கொண்டு, நல்ல சந்தோசமாக வந்தார். மனுசன் வாசலிலேயே பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

"என்ன, அம்மாவும் மகளும் ஸ்ரிக்கரை உரிச்சு விளையாடுறியளோ? அதுக்கு நான் ஒரு நாள் முழுக்க இருந்து..."

"இஞ்சேருங்கோ, நகுலாவைக் கேட்டோ அவளின்ர விலாசத்தைப் போட்டனீங்கள்?"

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? என்ர தங்கச்சி."

"அப்ப கேக்கேல்லை."

"சுசிலா, ஒரு பேர் போடுறதுக்கு இவ்வளவு விசாரணையோ? அவளுக்கு ஒரு செலவும் இல்லை. கடிதம் வந்தா எனக்கு அனுப்பப் போறாள்."

"அந்த விலாசம் வெளியில தெரியக் கூடாது! அவள் றமணனுக்கு ஒளிச்செல்லோ இருக்கிறாள்!"

தவராசா ரோல்ஸ் பையை மேசையில் வைத்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பத்திக்கொண்டு வருகிறது. ஆம்பிளைகள் பெண்களின் பயத்தைக் கேட்டதும் போடுகிற சிரிப்பு அது.

"ஒளிச்சோ? ஆருக்கு? றமணனுக்கோ? விசர்க்கதை கதையாதை. நானும் அவனும் ஊரிலயிருந்து ஒண்டாத்தான் முதல்ல ஜேர்மனிக்குப் போனனாங்கள். ஒரே அறையில கிடந்தனாங்கள். எனக்குக் காய்ச்சல் வரேக்க கஞ்சி காய்ச்சிப் பருக்கினவன் அவன். அதாலதான் என்ர தங்கச்சியையே குடுத்தனான்."

"உங்களுக்குக் கஞ்சி காய்ச்சின கைதான் அவளின்ர கையை முறிச்சது."

தவராசா மனைவியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். தாரகா குனிந்துகொண்டாள்.

"ஆர் சொன்னது?"

"அவள்தான் சொன்னவள். ஆசுப்பத்திரியில எடுத்த படமும் அனுப்பினவள். காட்டட்டோ? ரெண்டு வருசமா நான் வைச்சிருக்கிறன். உங்களுக்குச் சொல்லாமல் இருந்தது என்ர பிழைதான். அதுக்கு என்னைப் பிறகு பேசுங்கோ. இப்ப அவளின்ர பாடு என்ன எண்டு யோசியுங்கோ."

சுசிலா போனை நீட்டினாள். தவராசா அதை வாங்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். அவருடைய தங்கைதான். ஒரு கண் மூடியிருந்தது, கை மாவுக்கட்டில் கிடந்தது. வாசல் பக்கம் யாரோ ஒரு பெண் வந்து சலங்கை விலை கேட்டாள். தாரகா எழும்பிப்போய் இன்றைக்குக் கடை பூட்டு என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தவராசா கதிரையில் இருந்தார். ரோல்ஸ் வாசம் அறை முழுக்க நிறைந்திருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

"சுசிலா" என்றார். "அவன் வியாழக்கிழமை எனக்குப் போன் எடுத்தவன்."

"ஆர்?"

"றமணன்."

சுசிலாவுக்கு இடுப்பு நோவெல்லாம் எங்கே போனதோ, பாய்ந்து எழும்பினாள்.

"அவன்ர தமையன்ர மகளும் ஆரணி ரீச்சரிட்டைத்தான் பழகுறாள். பெட்டி வந்திருக்கு. பேரைப் பாத்திருக்கிறான். போனில அழுதான் சுசிலா. பிள்ளையைப் பாத்து ரெண்டு வருசம் எண்டு அழுதான். எனக்கு மனம் கேக்கேல்லை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான்... போய்ப் பார் எண்டன். மனம்விட்டுக் கதை, எல்லாம் சரிவரும் எண்டன்."

"எப்ப போகச் சொன்னனீங்கள்?"

தவராசா பெட்டியில் பாதி கிழிந்து நின்ற ஸ்ரிக்கரைத் தடவினார்.

"கேக்கிறன், எப்ப?"

"இண்டைக்கு. சனிக்கிழமையில அவளுக்கு வேலை இல்லையெல்லோ, வீட்டில நிப்பாள் எண்டு... காலமை வெளிக்கிடுறன் எண்டவன்."

தாரகா "அப்பா!" என்றாள். அழுகை வந்துவிட்டது.

சுசிலா அழவில்லை. "அவருக்கு எடுங்கோ. எடுத்துத் திரும்பிப் போகச் சொல்லுங்கோ" என்றாள். தவராசா எடுத்தார். றமணனின் போன் நிறுத்திக் கிடந்தது. திரும்பத் திரும்ப எடுத்தார். ஒவ்வொரு முறையும் அதே ஜேர்மன் பெண் குரல் அதையே சொன்னது. வூப்பெற்றாலில் இருந்து பிறேமனுக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியால ஓட்டம். தவராசாவுக்கு அந்தப் பாதை பாடம். ஒரு காலத்தில் அவரும் றமணனும் சேர்ந்தே ஓடிய பாதை.

சுசிலா நகுலாவின் இலக்கத்தை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் மணி அந்தப் பக்கமிருந்து அடித்தது. நகுலாதான்.

சுசிலா ஒரு கணம் யோசித்தாள். பிறகு போனைக் கணவனின் கையில் வைத்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ."

"ஐயோ, நீ சொல்லு சுசிலா, என்னால ஏலாது."

"நீங்கள்தான் சொல்லவேணும். கெதியா!"

தவராசா ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"மச்சாள், என்ன இத்தினை தரம் எடுத்திருக்கிறியள்? பயந்து போனன்" என்றாள் நகுலா. பின்னால் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. அவள் வயது போனவர்களைப் பராமரிக்கிற ஒரு இல்லத்தில் சமையலறையில் வேலை செய்கிறாள்.

"நகுலா, நான் அண்ணை."

"அண்ணையோ! சுகமா இருக்கிறியளே? மச்சாளின்ர இடுப்பு எப்பிடி?"

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோசம். தவராசா கண்ணை மூடிக்கொண்டார்.

"நகுலா, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன். உன்ர பேரையும் விலாசத்தையும் எங்கட பெட்டியளில போட்டிட்டன். உன்னைக் கேக்கேல்லை. றமணன் கண்டிட்டான். இண்டைக்கு அங்க வாறான்."

சமையலறைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஜேர்மன் பாஷையில் அவளை ஏதோ கேட்டார்கள்.

"எப்ப வெளிக்கிட்டவர்?" என்று கேட்டாள். திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை.

"காலமை. இப்ப கிட்ட வந்திருப்பான். நீ வீட்டில இல்லைத்தானே? நல்லதாப் போச்சு. அங்கயே நில்லு, வீட்டுக்குப் போகாதை..."

"என்னோட வேலை செய்யிற ரமாவுக்குச் சுகமில்லை எண்டு அவவின்ர ஷிப்டை எடுத்தனான் அண்ணை. கோசிகா வீட்டில நிக்கிறாள்."

"தனியவோ?"

"தனிய."

சுசிலா போனுக்குள் குனிந்தாள். "நகுலா, உடன பொலிசுக்கு அடி! எங்களோட கதைச்சுக்கொண்டு நிக்காதை!"

"அடிக்கிறன் மச்சாள், இப்ப அடிக்கிறன்." அவள் ஓடிக்கொண்டு கதைப்பது கேட்டது. கதவு ஒன்று அடித்துச் சாத்தியது. "பிள்ளைக்குச் சொல்லித்தான் வைச்சிருக்கிறன். ஆர் பெல் அடிச்சாலும் திறக்கக் கூடாது. எவர் வந்து என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது. லண்டன் மாமாவின்ர பார்சல் எண்டா மட்டும்தான் கீழ்க் கதவைத் திறப்பாள். வேற ஒண்டுக்கும் திறக்க மாட்டாள், நீங்கள் பயப்பிடாதேங்கோ அண்ணை."

தவராசா கதிரையை விட்டு எழும்பி, திரும்பவும் இருந்தார். சுசிலா அவரைத் தோளில் பிடித்து உலுக்கினாள்.

"நகுலா" என்றார். "நகுலா, போனை வைக்காதை. அவன் வெறுங்கையோட வரேல்லை. ஆரணி ரீச்சரிட்டை எங்கட சலங்கைப் பெட்டி ஒண்டு வாங்கிக்கொண்டு போ, லண்டன் மாமா அனுப்பினது எண்டு பிள்ளையிட்டைச் சொல்லு எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."